மீனுக்கு ஷிஃப்ட் கிடையாது

ஜூஜுவாடிக்கு ஒரு விசேஷம் உண்டு. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது தமிழ்நாட்டின் முதல் ஊர். இங்கிருந்து போகிறவர்களுக்குக் கடைசி ஊர். முன்பெல்லாம் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரி செக்போஸ்ட் போயிற்று. வரிசை மட்டும் போகவில்லை. இப்போது அதில் கார்கள் நிற்கின்றன.

ஊருக்குக் கடிகாரம் கோயில் மணி அல்ல, சிப்காட் கம்பெனி பஸ்களின் ஹாரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், சூப்பர்வைசரிடம் இங்கிலீஷ் என்று நாலு பாஷையில் மனிதர்கள் ஷிஃப்ட்டுக்கு ஓடுவார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?' ஜாதகம் அதற்கப்புறம்தான்.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு பையன் 'நான் மீன் வளர்க்கப் போறேன்' என்று சொன்னால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் ஆயிற்று. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த 26 வயதுப் பையன். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அப்பா அந்தக் காலத்து ஃபிட்டர், ரிட்டயர் ஆனவர். பாகலூர் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நிலமும், அதில் ஒரு போர்வெல்லும் உண்டு. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்காகச் சேர்த்த நகை பீரோவில் இருக்கிறது.

பையன் அந்த நகையைக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஸார், நீங்க பத்திரிகையில எழுதறவர். நீங்க சொன்னா கேப்பான். மீன் வளர்க்கறதுக்கு ஒரு படிப்பா, ட்ரெயினிங்கா? தண்ணியில விட்டா அது பாட்டுக்கு வளருது!"

பையன் பின்னாலேயே வந்து ஒரு நோட்டீஸை நீட்டினான். பெங்களூரில் ஒரு ஓட்டல் ஹாலில் ஒரு நாள் பயிற்சி. காலை டீ, மதியம் சாப்பாடு, சாயந்திரம் சர்ட்டிபிகேட். நாலு தொட்டி வாங்கினால் ட்ரெயினிங் ஃபீஸ் தள்ளுபடி. நோட்டீஸில் 'இரட்டிப்பு' என்ற வார்த்தை நாலு இடத்தில் இருந்தது. 'தண்ணீர்' என்ற வார்த்தையைத் தேடினேன். ஒரு இடத்திலும் இல்லை.

அப்பா சொன்னதும் தப்பு, நோட்டீஸ் சொன்னதும் தப்பு. ஒருவர் மீன் வளர்க்கப் படிப்பே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் ஒரு நாள் போதும் என்கிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

'தண்ணியில விட்டா வளருது' என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். எதை விடுவது? குஞ்சை. குஞ்சு எங்கிருந்து வரும்? கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஓடுகிற ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிடுகிற ஜாதி. குளத்தில் விட்டால் வளரும், வயிறு நிறைய சினை பிடிக்கும், ஆனால் முட்டை போடாது. அதனால் அந்தக் காலத்தில் மழை சீசனில் வங்காளத்து ஆறுகளில் வலை கட்டிக் குஞ்சு பிடித்து, பானையில் ஊற்றி, ரயிலேற்றி அனுப்புவார்கள். பானைக்குள் இருப்பது கட்லாவா, கட்லாவைத் தின்கிற ஜாதியா என்பது அது வளர்ந்து பெரிசான பிறகுதான் தெரியும்.

1957 ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவில் அங்குல் என்கிற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரு மீனின் மூளைக்கு அடியில் கடுகு மாதிரி இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அரைத்து, சாறு எடுத்து, சினை மீனுக்கு ஊசி போட்டார். குளத்து மீன் முட்டை போட்டது. இன்றைக்கு நம் ஊர்க் கடையில் வெட்டி எடை போடுகிற வளர்ப்புக் கெண்டைகளின் பரம்பரை அந்த ஊசியில்தான் தொடங்குகிறது. ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். சௌத்ரி 2014 வரை இருந்தார்.

இப்போது சுரப்பி எடுத்து அரைக்கிற சிரமம் குறைந்துவிட்டது. ரெடிமேட் ஹார்மோன் மருந்து பாட்டிலில் வருகிறது. சாயந்திரம் ஊசி போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக முட்டை. மறுநாளே பொரிக்க ஆரம்பித்துவிடும். பொரித்தது நுண்மீன் குஞ்சு, கொஞ்சம் வளர்ந்தால் இளம் குஞ்சு, விரல் நீளம் வந்தால் விரலி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தீனி வேறே, தொட்டி வேறே, சாவு வேறே. இதற்கெல்லாம் நடுராத்திரியில் முழித்திருந்து பார்க்கிறவருக்குத்தான் மீன்வள டெக்னீஷியன் என்று பெயர்.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ நிஜமாவே படிப்பு இருக்கா?" என்றார்.

இருக்கிறது. மங்களூரில் 1969-லேயே மீன்வளக் கல்லூரி வந்துவிட்டது. தூத்துக்குடியில் 1977. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்து 2012-ல் ஒரு பல்கலைக்கழகமே வந்தது, இப்போது அதற்கு ஜெயலலிதா பெயர். பி.எஃப்.எஸ்ஸி. என்று நாலு வருடப் படிப்பு. ப்ளஸ் டூவில் சயன்ஸ் குரூப் படித்து நல்ல மார்க் இருந்தால் போதும், நீட் கிடையாது. டாக்டர் ஸீட்டுக்காகத் தவம் கிடக்கிற பெற்றோர்களில் எத்தனை பேர் இதை எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

படித்து முடித்தால் டி.என்.பி.எஸ்.ஸி. மூலம் மீன்துறை சார் ஆய்வாளர் வேலைக்குப் பரீட்சை எழுதலாம். இங்கிலீஷில் சப்-இன்ஸ்பெக்டர் ஆஃப் ஃபிஷரீஸ். இந்த இடத்தில் பையனின் அம்மா உள்ளே வந்தார். அவர் காதில் 'சப்-இன்ஸ்பெக்டர்' மட்டும்தான் விழுந்திருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. லாக்கப் கிடையாது, வலைதான் உண்டு என்று விளக்கினேன். மலர்ச்சி பாதியாகக் குறைந்தது.

ஆனால் 26 வயதில் குடும்பம் காத்திருக்கும்போது நாலு வருடம் காலேஜ் போக முடியுமா? அதற்குக் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே பாரூரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களில் அவ்வப்போது வகுப்பு வைக்கிறார்கள். எல்லை தாண்டினால் பெங்களூர் ஹெசரகட்டாவில், புவனேஸ்வரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எந்த இடத்திலும் தொட்டி வாங்கினால் தள்ளுபடி என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் முதல் அடையாளம்.

"எல்லாம் சரி ஸார், நேரா ஒரு பண்ணையைப் பார்த்துட்டு வரலாமே" என்றான் பையன். நியாயம்தான். அடுத்த வாரம் மூன்று பேரும் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தனியார் பண்ணைக்குப் போனோம். அங்கே ஒரு டெக்னீஷியன், ஐம்பது வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

மேலே ஏறி வந்தவர் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, இந்த 25 சென்ட் குளத்துல ஆயிரம் விரலி விட்டிருக்கேன். வீச்சு வலை போட்டுப் பிடிச்சு எடை பார்த்தா, ஒரு மீன் சராசரி கால் கிலோ. உடம்பு எடையில நூத்துக்கு மூணு பங்கு தீனி போடணும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?"

டிப்ளமோ ஆயிற்றே! பையன் பட்டென்று சொன்னான். "ஆயிரம் மீன், 250 கிலோ. மூணு பர்சென்ட்னா ஏழரை கிலோ."

அவர் சிரித்தார். "செத்துப் போன இருநூறு மீனுக்கும் சோறு போடறியே தம்பி!"

குளத்தில் விட்டது ஆயிரம், உயிரோடு இருப்பது உத்தேசமாக எண்ணூறு. 200 கிலோ எடைக்கு 6 கிலோ போதும். மிச்சம் ஒன்றரை கிலோ அடியில் போய் அழுகும். அழுகினால் அம்மோனியா. அம்மோனியா ஏறினால் மிச்சம் எண்ணூறில் இன்னும் கொஞ்சம் போகும். அவற்றுக்கும் சேர்த்துத் தீனி போட்டால் இன்னும் அழுகும். லாபக் கணக்கு நஷ்டக் கணக்காக மாறுவது இந்த ஒன்றரை கிலோவில்தான். நோட்டீஸில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விடச் சொன்னார். "உள்ளங்கை தெரியுதா? பளிச்சுனு தெரிஞ்சா தண்ணியில சத்து இல்ல. பாதியிலேயே மறைஞ்சா பாசி ஜாஸ்தி. முழங்கைக்கிட்ட வரும்போது மங்கலாகணும்." லேப் இல்லை, மீட்டர் இல்லை. லேபுக்குப் போகவேண்டியதா வேண்டாமா என்று கண்டுபிடிக்கிற கை அது.

கட்லா மேல்மட்டத்தில் சாப்பிடும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம், குழாயடிச் சண்டை இல்லை. மூன்றையும் எந்த விகிதத்தில் விட வேண்டும் என்பதைக் குளத்தின் ஆழமும் தண்ணீரும்தான் சொல்லும் என்றார்.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, "விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்கும்னு சொல்றாங்களே, பசியாலதானே?" என்று கேட்டார்.

டெக்னீஷியன் அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் தெரிந்தது. "ஐயா, அது பசி இல்லீங்க. மூச்சு முட்டுது."

பகலெல்லாம் பாசி வெயிலைக் குடித்துவிட்டுத் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறது. ராத்திரி அதுவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. மீனும் எடுத்துக்கொள்கிறது. விடிவதற்குச் சற்று முன்னால் கஜானா காலி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருந்தால் மீன் சுகமாக இருக்கும், 3-க்குக் கீழே போனால் ஆபத்து. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம். அந்த நேரத்தில் பசி என்று நினைத்துத் தீனியைக் கொட்டினால் கதை முடிந்தது. செய்ய வேண்டியது தீனியை நிறுத்துவது, ஏரேட்டரைப் போடுவது, புதுத் தண்ணீர் விடுவது. அதனால் விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் டார்ச்சோடு கரையில் நடந்தாக வேண்டும். தீபாவளியன்றும் நடக்க வேண்டும். மீனுக்கு ஷிஃப்ட் கிடையாது.

பையன் தொட்டி பற்றிக் கேட்டான். பயோஃப்ளாக். அவர் அதைத் திட்டவில்லை. டெக்னிக்கில் பொய் இல்லை. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை, வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்துச் சரக்கைச் சேர்த்து, பாக்டீரியாவுக்கு உணவாக்குகிறார்கள். பாக்டீரியா திரள் திரளாக மிதக்கும். அதை மீன் சாப்பிடும். கழிவே உணவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் மீனை நெருக்கி அடைத்திருப்பதால், ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும். கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால், நீங்கள் எலெக்ட்ரீஷியனைத் தேடி முடிப்பதற்குள் தொட்டி முழுக்க வெள்ளையாக மிதக்கும். "குளம் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும் தம்பி. தொட்டி மன்னிக்காது. அதனால முதல்ல குளம், அப்புறம் தொட்டி."

இன்னொன்றும் சொன்னார். "ஓசூர்க் குளிரை மறந்துடாதே." இது எந்த நோட்டீஸிலும் இல்லாத சமாசாரம். ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். மார்கழி ராத்திரியில் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஜிலேபி மீன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிடாத மீன் வளராது. கடற்கரைப் பக்கத்து ஆள் எழுதிக் கொடுத்த 'ஆறு மாதக் கணக்கு' நம் ஊரில் ஆறு மாதத்தில் முடியாது. அந்தக் கூடுதல் மாதங்களின் தீனிச் செலவு யார் தலையில்?

ஜிலேபி என்றதும் ஸ்வீட் ஸ்டால் ஞாபகம் வருகிறவர்களுக்கு: திலேப்பியாவுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கா மீன். வந்த இடத்தில் குட்டி குட்டியாகப் பெருகி ஏரிகளை நிரப்பிவிட்டது. இப்போது வளர்ப்பது கிஃப்ட் என்று 1988-ல் பிலிப்பைன்ஸில் தேர்வு செய்ய ஆரம்பித்த உயர்ரகம். அதை வளர்க்க அரசாங்கத்தில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும்.

அனுமதியே கிடைக்காத மீனும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி. எந்தச் சாக்கடையிலும் வளரும், எதையும் தின்னும், சீக்கிரம் எடை போடும். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நம்மூர் மீன்களை ஒழித்துவிடும். நாடு முழுக்கத் தடை. அப்படியும் நம் மாவட்டத்தில் ரகசியமாக வளர்த்து, அதிகாரிகள் வந்து குழி வெட்டிப் புதைத்த சம்பவங்கள் பேப்பரில் வந்திருக்கின்றன. 'சீக்கிரம் லாபம்' என்று யாராவது காதோடு சொன்னால், அது பெரும்பாலும் இந்தக் கெளுத்தியாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பற்றி நாம் வெட்கப்பட வேண்டிய விஷயமும் இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூர் ஓரத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் பனி பெய்த மாதிரி நுரை. டி.வி.க்காரர்கள் படம் பிடிக்கிறார்கள், நாம் செல்ஃபி எடுக்கிறோம். இதே ஆறுதான் கீழே போய் 1950-களில் கட்டின கிருஷ்ணகிரி அணையை நிரப்புகிறது. அந்த அணை மீனை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. தண்ணீர் கெட்டுவிட்டது என்பதற்கு மீன்தான் முதலில் சாட்சி சொல்லும். செத்து மிதந்து சொல்லும். அந்தச் சாட்சியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நமக்குப் பெரிய பண்ணைகளில் மட்டுமல்ல, ஒவ்வொரு ஏரிக்கரையிலும் வேண்டும்.

நார்வேயில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள், தெரிந்திருக்கும். அங்கே மீன் வளர்ப்பு ஒரு டிரேட். இரண்டு வருடம் ஸ்கூல், இரண்டு வருடம் பண்ணையில் அப்ரென்டிஸ், அப்புறம் பரீட்சை, அப்புறம்தான் சர்ட்டிபிகேட். ஓசூர்க்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. ஃபிட்டருக்கும் டர்னருக்கும் இப்படித்தானே செய்கிறோம்? லேத்தைத் தொட அப்ரென்டிஸ்ஷிப் வேண்டும், ஆயிரம் உயிரைத் தொட ஒரு நாள் ஓட்டல் ஹால் போதும் என்றால் எப்படி?

பண்ணையிலிருந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கோடிக் குளத்தில் ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அது வெறும் சத்தம். அப்பா மட்டும் நின்று காதைச் சாய்த்தார்.

"பேரிங் போகப் போகுது" என்றார். "ரெண்டு நாள் தாங்காது."

டெக்னீஷியன் நம்பவில்லை. அப்பா மோட்டாரை நிறுத்தச் சொன்னார். ஸ்பானர் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் கழற்றிக் காட்டினார். பேரிங் நிறம் மாறிப் போயிருந்தது. ஒரு விடியற்காலையில் அது நின்றிருந்தால் அந்தக் குளம் காலி.

முப்பது வருஷ ஃபிட்டர் சர்வீஸ் குளக்கரையில் உபயோகப்படும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். கையை லுங்கித் துணியில் துடைத்துக்கொண்டே, "இதுல மிஷினும் இருக்கே!" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. அவனுடைய மெக்கானிக்கல் டிப்ளமோவை அன்றைக்குத்தான் அப்பா இரண்டாவது தடவையாக மதித்தார். முதல் தடவை ஃபீஸ் கட்டினபோது.

முடிவாக என்ன ஆயிற்று என்றால், தொட்டி வாங்கவில்லை. நகை பீரோவிலேயே இருக்கிறது. பையன் அந்தப் பண்ணையில் ஒரு சீசன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சம்பளம் கான்ட்ராக்ட் சம்பளத்தை விடக் குறைவு. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. நடுவில் அரசுப் பயிற்சி வகுப்பு வந்தால் லீவு கொடுப்பதாகப் பேச்சு. சீசன் முடிந்து, கை பழகி, அப்புறமும் ஆசை இருந்தால் சொந்த நிலத்தில் ஒரு சின்னக் குளம் வெட்டுவான். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். நிலம் அம்மா பேரில் இருக்கிறது. எதற்கும் மீன்துறை அலுவலகத்தில் விசாரித்து வைக்கச் சொன்னேன். 'சப்-இன்ஸ்பெக்டர்' ஆகாவிட்டாலும் அம்மா முதலாளி ஆகலாம்.

அம்மாவுக்கு இன்னும் முழு சமாதானம் இல்லை. "டிப்ளமோ படிச்சுட்டுச் சேத்துல நிக்கறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கைக்கு வந்த வரன்காரர்கள் அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டபோது, "மீன்வள டெக்னீஷியன் ட்ரெயினிங்" என்று பதில் சொன்னவர் அப்பா. சத்தமாகத்தான் சொன்னாராம்.

போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்கு என் போன் அடித்தது. பயந்துபோய் எடுத்தேன். பையன்தான். அந்த நேரத்தில் முழித்திருப்பது அவனுக்கு இப்போது சகஜமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை.

"ஸார், நேத்து வலை போட்டு எடை பார்த்தோம். ஒரு மீன் சராசரி 310 கிராம். குளத்துல மொத்தம் உத்தேசமா 240 கிலோ."

சபாஷ் என்றேன். தூக்கக் கலக்கத்தில் பெருக்கிப் பார்த்து, "ஆயிரம் மீனுக்கு 310 கிலோ வரணுமே?" என்றும் கேட்டேன்.

"செத்ததைக் கழிச்சாச்சு ஸார்" என்றான்.